பழைய ஸ்ப்ளெண்டர் இன்ஜின் பிடித்துக்கொள்ளாமல் காப்பாற்ற: அறிகுறியை வைத்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

போன மாதம் ஒரு பால்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தார். 2003 மாடல் ஸ்ப்ளெண்டர், இரண்டு பக்கமும் கேன் தொங்குகிறது. கிக்கரில் காலை வைத்தேன். பாறையை மிதித்தது போல அசையவில்லை. ஆயில் ஸ்டிக்கைக் கழற்றினால் நுனி காய்ந்து கிடக்கிறது.

“அண்ணே, ஆயில் எப்ப மாத்துனீங்க?”

“பொங்கலுக்கு மாத்துனோமே தம்பி.”

எந்தப் பொங்கல் என்று கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

1985-ல் ஹீரோ ஹோண்டாவின் சிடி100 பைக் வந்தபோது அதற்கு ஒரு விளம்பரம்: ‘ஃபில் இட், ஷட் இட், ஃபர்கெட் இட்’. பெட்ரோலை ஊற்று, மூடு, மறந்துவிடு. மைலேஜைப் பற்றிச் சொன்னது அது. நம் ஆட்கள் கடைசி வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆயிலையும் சேர்த்து மறந்துவிட்டார்கள். 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டரும் அதே 97.2 சி.சி. குடும்பம். எவ்வளவு அடித்தாலும் தாங்கும். அந்தத் தாங்குதல்தான் அதற்கு வினை. சத்தம் போட்டுச் சொல்லும், புகை விட்டுச் சொல்லும், கொதித்துச் சொல்லும். ஆனாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிறதே என்று நாமும் விட்டுவிடுவோம்.

சிடி100, கார்ப்ரேட்டர் வைத்த ஸ்ப்ளெண்டர், ஸ்ப்ளெண்டர் பிளஸ், பழைய பேஷன் எல்லாவற்றுக்கும் கீழே உள்ளது பொருந்தும். ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலில், பையைக் காலி செய்யும் காரணம் கடைசியில். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஸ்டிக்கைப் பாருங்கள்

சமதளத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் பார்த்த அளவு பொய் சொல்லும். மூன்று நிமிடம் ஸ்லோவில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல்) ஓடவிட்டு அணைத்து, இன்னும் மூன்று நிமிடம் பொறுங்கள். வலது பக்கம் இருக்கும் ஸ்டிக்கைக் கழற்றித் துணியால் துடையுங்கள். பிறகு மரையில் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுங்கள். திருகிப் பார்த்தால் ஸ்டிக் கூடுதல் ஆழம் போய், இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். பத்துப் பேரில் எட்டுப் பேர் திருகித்தான் பார்க்கிறார்கள்.

ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தால், மற்ற சோதனை எதுவும் செய்யும் முன் ஆயிலைச் சரிசெய்யுங்கள். கடையில் இந்த வண்டிக்கென்று 900 மில்லி பாட்டில் கிடைக்கும். அதை அப்படியே கவிழ்க்க வேண்டாம். பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்கும், கோடு பார்த்து ஊற்றுங்கள். ஈரக் கிளட்ச், அதாவது கிளட்ச் தட்டுகள் இதே ஆயிலில் நனைந்து ஓடும் வண்டி என்பதால் பாட்டிலில் ‘ஜாசோ எம்ஏ’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார் ஆயில் மலிவாகக் கிடைத்தது என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். புது வண்டிக்குக் கம்பெனி எத்தனை கிலோமீட்டர் சொன்னாலும், இருபது வயது வண்டிக்கு 2000-லிருந்து 2500-க்குள் மாற்றிவிடுங்கள். லோடு அடிக்கிற வண்டி என்றால் 2000-மே அதிகம்.

அறிகுறி: ஓடும்போது இழுவை குறைகிறது, சூடாகி நின்றுவிடுகிறது, கிக்கர் இறுகுகிறது

இது இன்ஜின் பிடித்துக்கொள்வதற்கு, அதாவது பிஸ்டன் சூட்டில் சிலிண்டருக்குள் இறுகி நிற்பதற்கு, முந்தைய நிமிடம். ஆக்சிலேட்டர் கொடுத்தும் வண்டி பின்னால் யாரோ இழுப்பது போல மந்தமாகும். அப்போது இன்னும் முறுக்காதீர்கள். கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, ஓரம் கட்டுங்கள். கிளட்சைப் பிடிக்காமல் விட்டால் இன்ஜின் பிடித்த நொடியில் பின் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும், ஆள் விழுந்துவிடுவார்.

நின்ற பிறகு தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கிற ஹெட்டில் (வால்வுகள் இருக்கும் தலைப்பகுதி) பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். நிழலில் முக்கால் மணி நேரம் விடுங்கள். கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். ஆறியதும் கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

*கிக்கர் இறங்குகிறது என்றால்* பிஸ்டன் தன் பிடியை விட்டுவிட்டது. இனி இந்த வரிசை:

ஸ்டிக். ஆயில் இல்லையென்றால் காரணம் கிடைத்தாயிற்று. ஊற்றிக்கொண்டு 30-க்கு மேல் போகாமல் வீடு வந்து சேருங்கள்.

ஆயில் சரியாக இருந்தால் பின் சக்கரம். நடு ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் கையால் சுற்றுங்கள். இரண்டு சுற்றாவது தானே ஓட வேண்டும். பிரேக் உரசிக்கொண்டு நிற்கும், அல்லது செயின் வீணைத் தந்தி போல இறுகியிருக்கும். ‘இன்ஜின் வீக்’ என்று வந்த வண்டிகளில் எத்தனையோ, பின் பிரேக் நட்டை இரண்டு திருகு தளர்த்தியதும் சரியாகிப் போயின. காசு வாங்கவே கூச்சமாக இருக்கும்.

சக்கரம் தாராளமாகச் சுற்றினால், அடுத்து பிளக். 16 ஸ்பேனர் போட்டுக் கழற்றிப் பாருங்கள். நுனி காபிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம், அதனால்தான் கொதிக்கிறது. இதை உறுதி செய்ய ஒரு சுலபமான வழி: ஓடும்போது சோக்கைப் பாதி இழுங்கள். இழுவை கூடினால் சந்தேகமே வேண்டாம். பெட்ரோல் டேப்பின் வலை, மூடியின் காற்று ஓட்டை, கார்ப்ரேட்டர் ஜெட் என்று வரிசையாகச் சுத்தம் செய்யுங்கள். ஜெட்டில் கம்பி விட்டுக் குடையாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும், காற்றடித்தால் போதும்.

ஜெட்டும் சுத்தம் என்றால், கார்ப்ரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் காற்று திருடப்படுகிறதா என்று பாருங்கள். ஸ்லோவில் ஓடவிட்டு, அந்த இணைப்பில் மட்டும் விரலால் இரண்டு சொட்டுச் சோப்புத் தண்ணீர் விடுங்கள். ஸ்லோ ஸ்பீடு மாறினால் அங்கே இருக்கும் ரப்பர் வளையம் செத்துவிட்டது. தேநீர்க் காசுக்கு வாங்கும் பொருள், ஒரு பிஸ்டனைக் காவு வாங்கும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர்கள் ஊறிப்போகின்றன, பெட்ரோலும் காற்றும் கலந்த மிக்சரும் கொஞ்சம் மெலிகிறது. பழைய வண்டியில் பெட்ரோல் டியூப், மிதவைக் கிண்ணத்து வளையம் இரண்டையும் வெடிப்பு விடும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுவது நல்லது.

*கிக்கர் ஆறிய பிறகும் இறங்கவில்லை* என்றால், அல்லது இறங்கி ஸ்டார்ட் ஆனபின் நீலப் புகையும் சத்தமும் சேர்ந்து வந்தால், ஸ்பேனரைக் கீழே வையுங்கள். பிஸ்டன் ஓடும் பிளாக்கில் கோடு விழுந்திருக்கிறது. பிளாக்கைக் கழற்றி லேத்தில் போர் பண்ணி (உள் ஓட்டையைக் கடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று நான்கு படி உண்டு. லேத்காரர் அளவெடுக்கும் முன்னே பிஸ்டன் வாங்கித் தராதீர்கள். பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குத் தக்கபடிதான் போர் அடிக்க வேண்டும் என்பது உண்மை; ஆனால் எந்தப் படி வேண்டும் என்பதைக் கோட்டின் ஆழம்தான் சொல்லும்.

அறிகுறி: சத்தம்

வண்டி ஆட்கள் சத்தத்தை வாயால் செய்துகாட்டுவார்கள். அந்தச் சத்தத்திலேயே பாதி விடை இருக்கிறது. நீள ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். எங்கே கூடுகிறது என்று தெரியும்.

*ஹெட்டிலிருந்து ‘டிக் டிக் டிக்’*

டேப்பட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி. இன்ஜின் முழுக்க ஆறியபின், காலையில் செய்யுங்கள். இடது பக்க கவரில் உள்ள இரண்டு வட்ட மூடியையும் கழற்றுங்கள். ஒன்றின் வழியே ஃபிளைவீலை இடஞ்சுழியாகத் திருப்பலாம், மற்றொன்றில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தின் கோடு தெரியும். அந்தக் கோடு குறிக்கு நேரே வரும்போது இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆட வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று. பழைய மாடல்களுக்கு இடைவெளி இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. கேஜ் தகடு, ஈரக் காகிதத்தை இழுப்பது போல லேசான பிடிப்போடு வர வேண்டும்.

சவர பிளேடை வைத்து அட்ஜஸ்ட் பண்ணும் பழக்கம் இன்னும் போகவில்லை. பிளேடின் கனம் 0.1 மி.மீ. அதாவது நேர் இரட்டிப்பு. கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆயுசுக்கும் வரும்.

சத்தமே வரக்கூடாது என்று இறுக்கித் தரச் சொல்கிறவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. தளர்ந்த டேப்பட் கத்தும், அவ்வளவுதான். இறுகிய டேப்பட் சத்தமில்லாமல் வால்வை எரித்துவிடும்.

கீழ்ப்பக்கத்து மூடியைத் திறக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். இந்த இன்ஜின் படுத்த வாக்கில் இருப்பதால் சைலன்சர் பக்கத்து வால்வு மூடி கீழே பார்த்திருக்கும். திறந்தால் கொஞ்சம் ஆயில் ஒழுக வேண்டும். அதற்கென்று ஒரு துணியைக் கீழே பிடிப்போம். ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்றால் ஹெட்டுக்கு ஆயில் ஏறவில்லை என்று சந்தேகப்படுங்கள். மேல் மூடியைத் திறந்து வைத்து ஸ்லோவில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். ராக்கர் பளபளவென்று நனைந்திருக்க வேண்டும்.

*டேப்பட் வைத்தும் டிக் டிக் போகவில்லை, அல்லது மூன்றே மாதத்தில் திரும்ப வருகிறது*

இங்கேதான் நான் ஒரு பாடம் படித்தேன். பட்டறை வைத்த புதிதில் ஒரு வாத்தியார் வண்டிக்கு ராக்கரைத் தள்ளும் கேமும் ராக்கரும் மாற்றினேன். மூன்று மாதத்தில் மறுபடி அதே சத்தம். சரக்கு மட்டம் என்று நினைத்து, என் செலவில் இன்னொரு செட் போட்டேன். அதுவும் தேய்ந்தது. மூன்றாம் முறை வலது பக்க கவரைத் திறந்தேன். அடியில் இருக்கிற ஆயில் வலையைச் சாமணத்தால் இழுத்தால், சின்ன விரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரித் துண்டுகள். தொட்டுப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முதல் முறை கவரை மூடும்போது ஆயில் கசியக்கூடாதே என்று நானே பிதுக்கிப் பிதுக்கிப் பூசிய கேஸ்கெட் பேஸ்ட். வெளியே பிதுங்கியதைத் துடைத்தேன், உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது? அது பிய்ந்து வலையை அடைத்து, ஹெட்டைப் பட்டினி போட்டிருக்கிறது. வாத்தியாரிடம் உண்மையைச் சொன்னேன். “பரவாயில்லப்பா, அடுத்தவன் வண்டிக்காவது நல்லது” என்றார். இன்றுவரை அவர் வண்டி என்னிடம்தான் வருகிறது.

ஆகவே கேம், ராக்கர் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “வலையும் சுத்துற ஃபில்டரும் திறந்து பாத்தீங்களா?” இந்த வண்டியில் கார் மாதிரி மாற்றிப் போடும் காகித ஃபில்டர் கிடையாது. வலது கவருக்குள் அடியில் ஒரு கம்பி வலை, கிராங்க் முனையில் சுற்றும்போதே அழுக்கை ஓரத்துக்கு ஒதுக்கும் ஒரு கிண்ணம், இவ்வளவுதான். பல வருஷம் திறக்காத கிண்ணத்தைத் திறந்தால் உள் ஓரத்தில் கறுப்புக் களிம்பு, ரசம் வைத்த ஈயச்சட்டியின் அடி மாதிரிக் கெட்டியாகப் படிந்திருக்கும். மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டிக் கழுவ வேண்டும். புது கேஸ்கெட் போட்டால் பேஸ்டே தேவையில்லை, போட்டாலும் மயிரிழைதான். இந்த வேலை உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் பட்டறைக்குக் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

*இடது பக்கம் ‘சர சர’, ஸ்லோவில் அதிகம்*

டைமிங் செயின், கிராங்கிலிருந்து கேமைச் சுற்றுவது. ஆயில் பழசாக இருந்தால் முதலில் மாற்றிப் பாருங்கள்; செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனர் ஆயிலோடு சேர்ந்து வேலை செய்வது, பாதி நேரம் அதிலேயே குறையும். குறையாவிட்டால் டென்ஷனரின் ரப்பர் முனை, ரோலர்கள், கடைசியாகச் செயின். செயின் மட்டும் மாற்றி ரோலரை விட்டால் இரட்டை வேலை. டைமிங் குறி ஒரு பல் தவறினாலும் வண்டி சரியாக ஓடாது. எனவே இது பட்டறை வேலை. அவசரமில்லை என்று ஆறு மாதம் ஓட்டாதீர்கள், தளர்ந்த செயின் உள்ளே அலுமினியத்தை அறுக்க ஆரம்பிக்கும்.

*மேட்டில் மட்டும் ‘கிளிங் கிளிங்’*

கொல்லிமலை போனால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. அதில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மூன்றாவது கியரிலேயே முக்கினால் எந்த ஸ்ப்ளெண்டரும் இந்தச் சத்தம் போடும். கியரை இறக்குங்கள். இறக்கியும் வந்தால் ஹெட்டில் கரி படிந்திருக்கலாம், அல்லது மேலே சொன்ன மாதிரி மிக்சர் மெலிந்திருக்கலாம். சத்தத்தோடு தொடர்ந்து ஏற்றினால் பிஸ்டன் தலை ஓட்டையாகும்.

*அடியிலிருந்து ‘டொக் டொக்’, முறுக்க முறுக்கக் கூடுகிறது*

அணைத்துவிடுங்கள். கனெக்டிங் ராடின் கீழ் பேரிங் போய்விட்டது. இதில் நீங்களே செய்ய எதுவும் இல்லை, வீடு வரை ஓட்டிவந்து பார்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். ராடு அறுந்தால் கிராங்க் கேஸையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். தட்டு ரிக்‌ஷாவில் ஏற்றி வாருங்கள். இன்ஜினை இரண்டாகப் பிளந்து, கிராங்கைப் பிரஸ்ஸில் கழற்றி, ராடு கிட் போட்டு, ஆட்டம் பார்த்துச் சேர்க்க வேண்டும். இந்த வண்டியின் பெரிய செலவு இதுதான். கிராங்க் வேலைக்கு எல்லா லேத்தும் சரிவராது. ‘டயல் கேஜ் வச்சு ஆட்டம் பாப்பீங்களா?’ என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அறிகுறி: புகை

*காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குபீர் நீலப் புகை, பிறகு இல்லை:* வால்வு ஆயில் சீல். அவசரமில்லை. ஹெட் கழற்ற ஒரு காரணம் வரும்போது சேர்த்து மாற்றலாம். அதுவரை வாரம் ஒரு முறை ஸ்டிக்.

*முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை:* முதலில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இறக்கிவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். அடுத்து இன்ஜின் மூச்சு விடும் குழாயைப் பாருங்கள். மடங்கியோ அடைத்தோ இருந்தால் உள் அழுத்தம் ஆயிலை வேண்டாத பக்கமெல்லாம் தள்ளும். குழாய் சரியாக இருந்து, அதிலிருந்தே புகை குப்குப்பென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

ரிங்கா வால்வா என்று பிரித்தறிய பிளக் ஓட்டை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் பலம்) பார்ப்பது பழைய முறை. ஆனால் இந்த இன்ஜின் படுத்திருப்பதால் விட்ட ஆயில் சுற்றிலும் பரவாமல் ஒரு பக்கமாகத் தேங்கிவிடும். பிளக் இல்லாமலே பத்து மிதி மிதித்துப் பரப்பிவிட்டு, பிறகு பிளக்கைப் போட்டுப் பாருங்கள். கிக்கர் முன்னைவிட இறுகினால் ரிங்; மாற்றமில்லை என்றால் வால்வு.

ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால், போரை அளந்து பார்த்துவிட்டா சொல்கிறார் என்று கேளுங்கள். நீள்வட்டமாகத் தேய்ந்த போரில் புது ரிங் போட்டால் ஒரு தீபாவளியைத் தாண்டாது.

*கறுப்புப் புகை:* இன்ஜின் பிழைத்துக்கொள்ளும், பர்ஸ்தான் கரையும். சோக் முழுக்கத் திரும்பியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் பஞ்சு என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, இன்ஜின் ஆயிலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து போட வேண்டும். ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினால் ‘நல்லா இழுக்குது’ என்பார்கள். இழுக்கும்தான், ரோட்டுப் புழுதியையும் சேர்த்து. அந்தப் புழுதி ரிங்குக்கு உப்புக் காகிதம்.

அறிகுறி: ஆயில் அளவு ஏறுகிறது, அல்லது நிறம் மாறுகிறது

அளவு குறைவதுதான் எல்லோருக்கும் தெரியும். ஏறுவது அதைவிட ஆபத்து, ஏனென்றால் ஸ்டிக்கைப் பார்த்து ‘நிறைய இருக்கே’ என்று நிம்மதியாகிவிடுவோம்.

ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், கார்ப்ரேட்டர் மிதவை ஊசி தேய்ந்து, இரவெல்லாம் பெட்ரோல் இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. அந்த ஆயில் தண்ணீர்தான். உடனே ஆயிலை மாற்றுங்கள், ஊசியை மாற்றுங்கள். அதுவரை நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். நம்மில் டேப்பை மூடும் பழக்கம் யாருக்கு இருக்கிறது? ரிசர்வுக்குத் திருப்ப மட்டும்தான் அங்கே கை போகும்.

ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர். காற்றில் குளிரும் இன்ஜின் என்பதால் உள்ளே தண்ணீர் ஓடும் வழியே கிடையாது; வெளியிலிருந்துதான் வந்திருக்கும். வாட்டர் வாஷில் ஸ்டிக் பக்கமும் மூச்சுக் குழாய்ப் பக்கமும் வேகமாக அடிப்பது ஒரு காரணம். இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பர் வெள்ளம் முடிந்து சென்னையிலிருந்த உறவுக்காரப் பையன் போன் செய்தான், வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது, கிக் பண்ணட்டுமா என்று. பண்ணாதே என்றேன். சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது மிதித்தால் ராடு வளையும். பிளக்கைக் கழற்று, கார்ப்ரேட்டர் கிண்ணத்தையும் டேங்கையும் வடித்துவிடு, ஏர் ஃபில்டரைக் கழற்று, 17 ஸ்பேனரால் அடி போல்ட்டைத் திறந்து ஆயிலை இறக்கு. பிளக் இல்லாமல் மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியே தள்ளு. மலிவான ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு இறக்கு. நிறம் தெளியும் வரை திரும்பச் செய். அவன் மூன்று முறை செய்தான். வண்டி இப்போதும் ஓடுகிறது.

இறக்கிய ஆயிலை வெள்ளைத் தட்டில் விட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். நுண்ணிய மினுமினுப்பு கொஞ்சம் இருப்பது பழைய வண்டிக்குச் சகஜம். கையில் நெருடும் துகள் இருந்தால் காந்தத்தை நீட்டுங்கள். ஒட்டினால் இரும்பு: கியர், கேம், பேரிங் எங்கிருந்தோ. ஒட்டாமல் வெள்ளையாக இருந்தால் அலுமினியம்: பிஸ்டன், அல்லது செயின் அறுக்கும் கேஸ். இரண்டுமே மெக்கானிக்கிடம் போக வேண்டிய கட்டம். அந்தத் துகளை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள். வாயால் சொல்வதைவிட அவருக்கு அது அதிகம் சொல்லும்.

அறிகுறி: கிக்கர் பொதக்கென்று இறங்குகிறது

சாவியை அணைத்து மெதுவாக அழுத்தினால் பாதியில் ஒரு முட்டு வர வேண்டும். வரவில்லை என்றால்: பிளக் தளர்ந்திருக்கிறதா, டேப்பட் இறுகி வால்வு மூடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். காலையில் கம்ப்ரஷன் இருந்து, சூடானபின் காணாமல் போகிறது என்றால் அனேகமாக டேப்பட்தான், 0.05 வைத்தால் சரியாகும். அதன் பிறகும் இல்லையென்றால் எரிந்த வால்வு, ஹெட் கேஸ்கெட், ரிங். மூன்றுக்கும் ஹெட் கழற்ற வேண்டும், பட்டறைக்குக் கொடுங்கள்.

அறிகுறி இல்லாத வண்டி: வருஷக்கணக்காக நின்றது

அப்பா வண்டி, ஞாபகத்துக்கு வைத்திருக்கிறோம், ஓட்டலாம் என்று நினைக்கிறோம் என்று மாதம் ஒருவராவது வருகிறார்கள். வீட்டிலேயே ஆசையில் இருபது முறை மிதித்துவிட்டுத்தான் வருவார்கள். அந்த இருபது மிதியில் காய்ந்த ரிங் துருப்பிடித்த போரை உரசி, கோடு போட்டுவிடும்.

மிதிக்கும் முன் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலே, நான்காவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். அசைந்தால் மெதுவாக முழுச் சுற்று. அசையவில்லை என்றால் இன்னும் ஆயில், இன்னும் இரண்டு நாள். சக்கரத்தில் ஏறி நின்று திருப்பாதீர்கள். சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றி, டேங்கில் கெட்டுப்போன பெட்ரோலை வடித்து, கார்ப்ரேட்டரைக் கழுவி, பிளக் இல்லாமல் முப்பது மிதி. ஆயில் ஹெட்டுக்கு ஏறிவிட்டதா என்று மேல் டேப்பட் மூடியைத் திறந்து பாருங்கள். ராக்கர் நனைந்த பிறகுதான் பிளக்கைப் போட வேண்டும்.

சென்ற ஆவணியில் இப்படி ஒரு 1998 வண்டி வந்தது. நான்கு நாள் ஊறப்போட்டு, ஐந்தாம் நாள் மூன்றாவது மிதியில் ஸ்டார்ட் ஆனது. பையன் ஸ்லோ சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றான். பெட்ரோல் டேங்க் மூடியின் அடியில் அவன் அப்பா ஒட்டிவைத்த பிளாஸ்திரித் துண்டு ஒன்று இருந்தது. பால்பாயின்ட் பேனாவில், கடைசியாக ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும். அதன் கீழேயே புதுத் தேதியை எழுதி ஒட்டிக் கொடுத்தேன்.